அவரவர் பொறுப்பில்

1

போன வாரம் என் மகள் யாழினி தன் அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள். பெரிய எழுத்தில், சிவப்புப் பேனாவால், ஆங்கிலத்தில்: 'என்டர் அட் யுவர் ஓன் ரிஸ்க்'. உள்ளே வருவது உங்கள் சொந்தப் பொறுப்பு. கீழே ஒரு மண்டை ஓடு வேறு.

பார்த்த என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைத் தட்டி, உள்ளே அப்படி என்ன ஆபத்து இருக்கிறது என்று கேட்டேன். "இட்ஸ் எ ஜோக், டாட்" என்றாள். அப்பா என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. வயது பதினான்கு. அவளுக்கு என்ன தெரியும் பாவம், அந்த வாசகத்தால் அவள் அப்பன் பட்டது.

நைனா போய் அடுத்த வாரத்தோடு ஒரு வருஷம். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தங்கச்சி செல்வி புதுப்பட்டினத்திலிருந்து போன் செய்து திதி என்றைக்கு என்று மட்டும் சொன்னாள். மழை எப்படி, கல்பாக்கம் பக்கம் தண்ணி நிக்குதா என்று பேச்சை இழுத்துப் பார்த்தேன். "நிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள். முன்பெல்லாம் அவள் போனை வைக்கவே மாட்டாள். அடுப்பில் இருப்பது தீய்கிறது, வைடி என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நைனா சாகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே சொன்னால் யாருக்கும் புரியாது.

2

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், யார்க்ஷயர் பக்கம் எப்போதும் மழை பெய்கிற ஒரு ஊரில், நகராட்சிப் பூங்காக்களுக்கான அறிவிப்புப் பலகைகளின் வாசகம் எழுதுகிறேன். குளத்தில் இறங்காதீர்கள், மரம் வெட்டுகிறார்கள், பாதை வழுக்கும். ஊரில் கேட்டால் ஆபீஸர் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். போர்டு எழுதுகிற வேலைதான்.

சேர்ந்த புதிதில் ஒரு குளத்துக்கு 'நீந்துவது உங்கள் சொந்தப் பொறுப்பு' என்று எழுதிக்கொண்டு போனேன். என் மேலாளர் ஜேன் என்கிற அம்மாள் படித்துவிட்டுத் தாளை என்னிடமே தள்ளினார். இலக்கணம் சரி, ஆனால் இந்த வாசகத்தை இப்படிப் போடக்கூடாது என்றார். தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு குளிர், அடியில் என்ன கிடக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். ஆபத்து இன்னதென்று ஒருவனுக்குத் தெரிந்து, தெரிந்தும் அவனாக இறங்கினால்தான் அது அவன் பொறுப்பு. ஒன்றும் சொல்லாமல் பொறுப்பை மட்டும் அவன் தலையில் கட்டினால், அது நாம் கை கழுவுவது. சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

எனக்கு அது வேதவாக்காகப் போய்விட்டது. அன்றிலிருந்து யார் அந்த வாசகத்தை எழுதிக்கொண்டு வந்தாலும் ஆபத்து என்னவென்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஆபீசில் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார்கள்.

3

வேடிக்கை என்னவென்றால், நான் முதல்முதலில் நாலு பேர் பார்க்க எழுதிய ஆங்கிலமே அந்த வாசகம்தான்.

நைனா படாளம் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. சொந்தமாக ஒரு கூரை கிடையாது. ஒரு மழைக்காலத்தில், வேலை செய்த நிலத்து மோட்டார் கொட்டகையிலேயே அவர் உயிர் போனது. ஆண்டை வீட்டுக் கொட்டகையில் கிடந்தவரை அங்கிருந்தே நேராகச் சுடுகாட்டுக்குத் தூக்கினார்கள். நைனா அதை அடிக்கடி சொல்ல மாட்டார். சொன்னால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

பிறகு அணுமின் நிலையம் கட்டுகிற வேலைக்குக் கல்பாக்கம் வந்தார். அந்த வேலை முடிந்ததும் புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு சைக்கிள் ஸ்டாண்டு வைத்தார். காலையில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போகிறவர்கள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். யாரோ ஒருவர், போர்டு வைய்யா, நாளைக்கு ஒரு வண்டி காணாமல் போனால் உன் கழுத்தைப் பிடிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். நைனா ஒரு தகரத்தையும் பெயிண்டையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். நான் தமிழில் 'வண்டிகள் அவரவர் பொறுப்பு' என்றும், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'பார்க்கிங் அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்றும் எழுதினேன். வண்டி விட வந்த ஒரு இன்ஜினியர், பையன் கரெக்டா எழுதியிருக்கானே என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா அதை ஒரு மாதம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்டு என்னவோ அப்படி. மனுஷர் அப்படி இல்லை. கடைசி வண்டி போகிறவரை கொட்டகையை விட்டு அசைய மாட்டார். ஒரு தடவை நிஜமாகவே ஒரு சைக்கிள் திருடு போனது. சதுரங்கப்பட்டினம் வரைக்கும் தெருத் தெருவாகத் தேடிவிட்டு, கிடைக்காமல், தன்னுடைய சைக்கிளைக் கொண்டுபோய் அந்த ஆளிடம் கொடுத்தார். போர்டில்தான் எழுதியிருக்கிறதே நைனா என்று கேட்டேன். "அது போர்டுடா. வண்டிய நம்பி உட்டுட்டுப் போறான்ல" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அந்த ஸ்டாண்டு வருமானத்தில் கட்டியதுதான் எங்கள் வீடு. இரண்டு அறை, முன்னால் சிமெண்டு வாசல்படி. எங்கள் வம்சத்தில் சொந்த வாசல்படி வைத்த முதல் ஆள் அவர்தான்.

4

இப்போது எங்கள் தெருப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெளியில் உயிர் போனால் உடம்பை வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். தெருவிலேயே பந்தல் போட்டு, அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள் என்றால், மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவர ஜனங்கள் அப்படிப் பறக்கிறார்கள்.

போன வருஷம் மழை பிடித்த சமயத்தில் நைனாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செல்விதான் கூட இருந்தாள். கொஞ்சம் நினைவு இருந்தபோது நைனா அவளிடம் சொன்னதை அவள் எனக்கு போனில் அப்படியே சொன்னாள்: "என் வூட்ல தான் நான் சாவணும். என் வாசப்படி வயியா தான் என்னை எடுக்கணும். எங்கப்பன் மாரி ஆக்கிடாதீங்க."

உடனே கிளம்பியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிக் கிளம்புவது? இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபோது இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டேன். வெளிநாடுவாழ் இந்தியர் அட்டைக்கு விண்ணப்பித்து, அது எங்கேயோ பரிசீலனையில் கிடந்தது. புதுப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன் புதுப்பட்டினம் போக விசா கேட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டது. சுற்றுலா, வியாபாரம், மருத்துவம், மாநாடு என்று வரிசையாக இருந்தது. அப்பன் சாகக் கிடக்கிறான் என்று அதில் இல்லை. சுற்றுலா என்று போட்டேன். இந்தியாவில் உங்களைத் தெரிந்தவர் பெயர் என்ற இடத்தில் நைனா பெயரை எழுதினேன். புகைப்படத்தில் பின்னணி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எடுத்து அனுப்பிவிட்டு, தினமும் ஆபீஸ் போய் மற்றவர்கள் வழுக்கி விழாமல் இருக்க வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன்.

5

அன்று காலை நான் ஆபீசில் கோட்டைக் கழற்றுவதற்குள் செல்வி கூப்பிட்டாள். அங்கே மத்தியானம். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வேண்டுமானால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆங்கிலத்தில், மகன் கையெழுத்தோடு. அவள் கையெழுத்துப் போடுகிறேன் என்றதற்கு, பையன் இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் ராப்பகலாகக் கூடவே கிடந்தவள் கையெழுத்து செல்லாது, ஏழு கடல் தாண்டி இருக்கிறவன் கையெழுத்து செல்லும். மெயிலில் அனுப்பினால் போதுமாம்.

"ரெண்டு வரிண்ணா. நாங்களா இட்டுகினு போறோம், எங்க ஓன் ரிஸ்க்கு, அவ்ளோதான். ஆம்புலன்சு வாசல்ல நிக்குது" என்றாள்.

இரண்டு வரிதான். நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடியது. எழுதவில்லை.

ரிஸ்க் என்றால் என்ன ரிஸ்க்? ஆக்சிஜனை எடுத்தால் எவ்வளவு தாங்குவார்? திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் அவருக்கு என்ன ஆகும்? இன்னொரு ஆஸ்பத்திரியில் காட்டினால் பிழைப்பாரா? இதில் ஒன்றையாவது அவர்கள் செல்வியிடம் சொன்னார்களா? கேட்டேன். "அதெல்லாம் எனுக்கு இன்னா தெரியும்" என்றாள். ஒன்றும் சொல்லாமல் எழுதி மட்டும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டருக்கு மெயில் எழுதினேன். ஆபத்துகளைத் தெளிவாகத் தெரிவியுங்கள், தெரிந்துகொண்ட பிறகே எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்வதாக எழுத முடியும் என்று. நல்ல ஆங்கிலம். ஒரு கமாவைக்கூடக் குறை சொல்ல முடியாது.

நியாயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். அந்த வாசகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் நைனாவை நானே அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயமாகவும் இருந்தது. யாராவது ஒரு டாக்டர் பதில் எழுதி, இருங்கள், இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

செல்வி மறுபடி கூப்பிட்டாள். "இன்னாண்ணா பண்ணிக்கினு கீற?"

டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்றேன்.

"கேள்வி கேட்டுட்டு குந்திக்கினு கீறியா? இங்க நைனாவுக்கு மூச்சு இயுக்குது. கைய வாசப்பக்கம் காட்டிக்கினே கீறாரு. எய்தி அனுப்புண்ணா, உன் கால்ல வுயறேன்."

எழுதினேன். எழுதி, படித்து, ஒரு வார்த்தையை மாற்றினேன். உங்களால் எங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட ஆபத்துகளுக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். பாஸ்போர்ட் நகலை இணைத்தேன். அனுப்பினேன். இன்றைக்கும் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்கிறேன். அதில் ஒரு தப்பும் இல்லை.

நான் அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே டாக்டரிடமிருந்து பதில் வந்தது. என் கேள்விகளுக்கு அல்ல. வருந்துகிறோம், நோயாளி காலமாகிவிட்டார் என்று ஒரே வரி.

6

செல்விக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்கும் கூப்பிட்டேன், அவரும் எடுக்கவில்லை. அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி சொல்வது மகன் கடமை. முன்னே ஆள் விட்டு ஊர் ஊராகச் சொல்லி அனுப்புவார்கள். இப்போது போனில் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கொள்ளி வைக்கத்தான் போக முடியாது, இதையாவது நான் செய்கிறேன் என்று, நைனா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலமானார் என்று தமிழில் ஒன்று, வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். ஜேன் வந்து, வீட்டுக்குப் போ என்றார்.

அதே நேரத்தில் அங்கே நடந்ததைச் செல்வியின் வீட்டுக்காரர் பிறகு எனக்குச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதே நைனாவின் உயிர் போய்விட்டது. செல்வி அழவில்லை. ஆம்புலன்சில் ஏற்றச் சொன்னாள். மூச்சுக்கு அமுக்குகிற ரப்பர் பலூனை முகத்தில் மாட்டச் சொன்னாள். ஆம்புலன்சில் இருந்த ஆள், இது எதுக்குக்கா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிற வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது, உள்ளே போய்த்தான் மூச்சு நின்றது என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாளாம். அவர் யோசித்துவிட்டு, "நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனா அமுக்கவும் மாட்டேன். உங்க பொறுப்புக்கா" என்றிருக்கிறார். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சரியான இடத்தில் சொன்னவர் அவர்தான். தெரிந்தால் தெரு மொத்தமும் அவளைக் காறித் துப்பும், நாளைக்கு அவள் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போதுகூட இதைச் சொல்லிக் காட்டுவார்கள். எல்லாம் தெரிந்தேதான் அவள் பலூனைக் கையில் வாங்கினாள்.

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் வரைக்கும், கொட்டுகிற மழையில், செத்துப்போன நைனாவுக்கு அவள் மூச்சு கொடுத்துக்கொண்டே வந்தாள். கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டாளாம். போன் மடியில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அது நான்தான்.

தெரு முனையில் ஆம்புலன்சை நிறுத்திவிட்டார்கள். ஏகாம்பரம் பெரியப்பா குடை பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் அவர். கெட்ட மனுஷர் இல்லை. கண் கலங்கித்தான் நின்றார் என்றார் செல்வியின் வீட்டுக்காரர். கதவைத் திறந்ததும் செல்வி, "மூச்சு கீது பெரிப்பா, வயி உடுங்க" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினாள்.

அவர் தன் போனை அவளிடம் நீட்டிக் காட்டினார். "உங்கண்ணன் போட்டுகீறான் பாரும்மா. தமியிலயும் போட்டுகீறான், இங்கிலீஷுலயும் போட்டுகீறான். இன்னாத்துக்கு இன்னும் அமுக்கிக்கினு கீற? உடும்மா."

7

நான் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தபோது அங்கே பந்தல் போட்டிருந்தார்கள். பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை என்பதால் யாழினி வீட்டில் இருந்தாள். கூப்பிடாமலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

செல்வியின் வீட்டுக்காரர் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பந்தலில் ஒரு பக்கம் ஒழுகியது. ஐஸ் பெட்டியை இழுத்து இழுத்து நனையாத பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நைனாவின் கால்மாட்டில் தண்ணீர் ஓடியது. அதற்குப் பின்னால் எங்கள் வாசல்படி தெரிந்தது. யாரோ மழைக்கு ஒதுங்கி அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

போனைச் செல்வியிடம் கொடுத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, போனை எடுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"ரெண்டு கையும் வேலையா இருந்துதுண்ணா" என்றாள். பிறகு சொன்னாள்: "நீ எய்தினது எல்லாம் கரெக்ட்டா தான் எய்தன. லெட்டரும் கரெக்ட்டு, குரூப்புல போட்டதும் கரெக்ட்டு. என் ஒரு பொய்க்குத்தான் நீ வயி உடல."

போனை வாங்கி அவள் வீட்டுக்காரர் மறுபடி பந்தல் பக்கம் திருப்பினார். மழை வலுத்தது. நாலைந்து பேர் ஓடி வந்து பெட்டிக்கு மேலே ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

யாழினி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். தாத்தாவை ஏன் வெளியே மழையில் வைத்திருக்கிறார்கள், உள்ளே கொண்டு போகக் கூடாதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இறந்துபோனவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்றேன்.

"பட் இட்ஸ் ஹிஸ் ஹவுஸ்" என்றாள்.

ஆமாம், அவர் வீடுதான் என்றேன்.